கடல்மேல் போன ரயில்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் இரண்டு தவணையாகப் படிக்கலாம். பரீட்சை கிடையாது.

மகள் வீட்டுக்கு, சிகாகோவுக்கு, வந்ததிலிருந்து "சார், பனி எப்படி இருக்கு?" என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஜன்னல் வழியாகப் பார்க்க அழகுதான். வாசல்படி இறங்கினால் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு மருமகன் எங்களை ஃபுளோரிடாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு வாடகைக் கார், ஏழு நாள். வடக்கே செயின்ட் அகஸ்டினில் ஆரம்பித்து, கடற்கரையை ஒட்டியே தெற்கே இறங்கி, நிலம் முடிந்த பிறகும் தீவு தீவாகத் தாண்டி, கீ வெஸ்ட் வரை. ஏறக்குறைய 800 கிலோமீட்டர். டிசம்பர் கடைசியில் அரைக்கைச் சட்டையோடு கடற்கரையில் நடந்தோம். டீச்சரம்மா ஸ்வெட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. படங்களைக் குடும்பக் குழுவில் போட்டாகிவிட்டது. இங்கே எழுதப்போவது அந்தப் பாதையின் கதை.

செயின்ட் அகஸ்டின் 1565இல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஆண்டு ஞாபகம் வர வேண்டும். தலைக்கோட்டைப் போர் நடந்து விஜயநகரம் விழுந்த அதே ஆண்டு. ஆங்கிலேயர்கள் வர்ஜீனியாவில் கால் வைத்தது 1607இல்தான். அமெரிக்க வரலாறு ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தது என்று நினைப்பவர்கள் இந்த ஊருக்கு ஒருமுறை வர வேண்டும். இங்கே 1672இல் கட்டத் தொடங்கி 1695இல் முடித்த ஒரு கோட்டை இருக்கிறது. பெயர் காஸ்டிலோ டி சான் மார்கோஸ். கல் எல்லாம் கிளிஞ்சல் கல். கடல் சிப்பிகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகியது; கோகினா என்கிறார்கள். பீரங்கிக் குண்டு பட்டால் சாதாரணக் கல் வெடிக்கும். இது வெடிக்காமல் குண்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். சுவரைத் தடவிப் பார்த்தபோது எனக்குத் தனுஷ்கோடி தேவாலயச் சுவர்தான் நினைவுக்கு வந்தது. அதுவும் கடல் கொடுத்த கல்தான், பவளக்கல்.

ஊருக்கு வடக்கே கோட்டை மோசே என்று ஓர் இடம். கரோலினாப் பக்கத்து ஆங்கிலேயத் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பின அடிமைகளுக்கு ஸ்பானியர்கள் விடுதலை கொடுத்து, 1738இல் குடியமர்த்திய ஊர். தர்ம சிந்தனையால் மட்டும் அல்ல. கத்தோலிக்கத்துக்கு மாற வேண்டும், ஆங்கிலேயன் வந்தால் துப்பாக்கி தூக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இருந்தாலும் அந்தக் காலத்தில் விடுதலை என்பதே பெரிய சொல். வடக்கே சுதந்திரம், தெற்கே அடிமைத்தனம் என்றுதான் நாம் படித்திருக்கிறோம். தெற்கு நோக்கி ஓடி விடுதலை பெற்றவர்களும் இருந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குச் சிகாகோக்காரரும் நியூயார்க்காரரும் குளிர் வந்ததும் ஃபுளோரிடாவுக்கு ஓடுகிறார்கள். இந்தப் பழக்கத்துக்குப் பாதை போட்டவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் ஹென்றி ஃபிளாக்லர். 1830இல் பிறந்தவர், ராக்ஃபெல்லரோடு சேர்ந்து ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியை உருவாக்கியவர். அவருடைய முதல் மனைவிக்கு உடம்பு சரியில்லை, குளிர்காலத்தில் வெப்பமான இடத்தில் வையுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். 1878 குளிர்காலத்தில் ஜாக்சன்வில்லுக்கு அழைத்து வந்தார். அவர் 1881இல் இறந்துபோனார். மறுமணம் செய்துகொண்டு மறுபடி ஃபுளோரிடா வந்தவர், செயின்ட் அகஸ்டினைப் பார்த்தார். வெயில் இருக்கிறது, கடல் இருக்கிறது. தங்க நல்ல விடுதி இல்லை, வந்துசேர ஒழுங்கான ரயில் இல்லை. எண்ணெய்ப் பணம் கையில் இருந்தது.

1888 ஜனவரியில் போன்ஸ் டி லியோன் விடுதியைத் திறந்தார். கிளிஞ்சல் கலந்த கான்கிரீட்டை அச்சில் ஊற்றிக் கட்டிய அரண்மனை. அப்போதே மின்விளக்கு. விசையைத் தொட விருந்தினர்கள் பயந்ததால் அதைப் போட்டு அணைப்பதற்கென்றே ஆள் வைத்திருந்தார்கள் என்று வழிகாட்டிப் பெண் சொன்னார். கதையோ நிஜமோ, கேட்க நன்றாக இருந்தது. 1968 முதல் அது ஒரு கல்லூரி. ஒரு காலத்தில் கோடீஸ்வரர்கள் சாப்பிட்ட கூடத்தில் இன்று பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். வாத்தியார் மனசுக்கு அந்தக் காட்சி பிடித்துப்போனது.

அதற்குப் பிறகு விடுதி கட்டுவது, அங்கே ரயில் விடுவது, இன்னும் தெற்கே போய் இன்னொரு விடுதி கட்டுவது என்று அவர் நிற்கவே இல்லை. 1894இல் பாம் பீச்சில் ராயல் பாய்ன்சியானா விடுதி. கூட்டம் வருவது புத்தாண்டுக்குப் பிறகு; பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்த நாள் விருந்தோடு சீசன் முடிந்தது. மீதி மாதங்களில் கதவு சாத்தியிருக்கும். விருந்தினர்களைச் சக்கர நாற்காலி வண்டியில் உட்கார வைத்துக் கறுப்பினத் தொழிலாளி பின்னாலிருந்து மிதித்துக்கொண்டு போவார். நம் சைக்கிள் ரிக்‌ஷாவைத் திருப்பிப் போட்ட மாதிரி. அந்தத் தொழிலாளிகள் முதலில் தீவிலேயே ஒரு குடிசைப் பகுதியில் இருந்தார்கள். இடத்தின் மதிப்பு ஏறியதும் ஏரிக்கு அக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். ஃபிளாக்லர் கட்டிய வீடு ஒயிட்ஹால் இப்போது அருங்காட்சியகம். அதைச் சுற்றிப் பார்க்க அரை நாள் ஆனது. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை, பளிங்கும் தங்க முலாமும்தான். ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். இரண்டாவது மனைவிக்கு மனநோய் என்று ஆனதும், தீராத மனநோயைக் காரணம் காட்டி விவாகரத்து செய்யலாம் என்று ஃபுளோரிடா சட்டசபை 1901இல் சட்டம் போட்டது. அதே ஆண்டு அவருக்கு மூன்றாம் திருமணம். 1905இல் அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். மருமகன் ஃபிளாக்லரின் பெரிய ரசிகர். இதைப் படித்ததும் அவரே கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

பாம் பீச்சோடு ரயில் நின்றிருக்கும். குளிர்தான் அதைத் தெற்கே தள்ளியது. 1894 டிசம்பரிலும் 1895 பிப்ரவரியிலும் ஃபுளோரிடாவிலேயே கடும் உறைபனி விழுந்து ஆரஞ்சுத் தோட்டங்கள் கருகிப்போயின. இன்னும் தெற்கே, மயாமி ஆற்றங்கரையில், அந்த அளவுக்குச் சேதம் இல்லை. அங்கே நிலம் வைத்திருந்த ஜூலியா டட்டில் என்ற அம்மாள் ரயிலைக் கொண்டு வாருங்கள் என்று ஃபிளாக்லரை ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார். வாடாத ஆரஞ்சுப் பூக்களை அனுப்பிக் காட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. தன் நிலத்தில் பாதியைக் கொடுத்தார். 1896 ஏப்ரலில் ரயில் வந்தது. ஜூலையில் மயாமி நகரமானது. நகரமாக்க ஓட்டுப் போட்டவர்களில் பெரும் பங்கு ரயிலிலும் விடுதியிலும் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்கள். ஓட்டுக்கு வேண்டியிருந்தது. நகரம் ஆனபிறகு அவர்கள் குடியிருக்கத் தனிப் பகுதி ஒதுக்கப்பட்டது. இதற்கு நான் விளக்கம் எழுத வேண்டியதில்லை, நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்.

இனி, நான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததன் காரணம்.

மயாமிக்குத் தெற்கே நிலம் முடிகிறது. அதன் பிறகு வளைந்த வால் மாதிரி பவளத் தீவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் முடிவில் 'கீ'. "ஏன் எல்லாத்துக்கும் சாவின்னு பேர் வச்சிருக்காங்க?" என்று டீச்சரம்மா கேட்டார். அது சாவி இல்லை. சிறு தீவுக்கு ஸ்பானியர் 'காயோ' என்பார்கள், அது தேய்ந்து 'கீ' ஆனது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே நம் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவை நீளத்தில் பெரியவை, கடைசித் தீவு கீ வெஸ்ட். அங்கிருந்து கியூபா சுமார் 90 மைல். பனாமா கால்வாய் வெட்டப்போகிறார்கள், கப்பல்கள் இந்தப் பக்கம் வரும், துறைமுகம் கீ வெஸ்ட்டில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு, 1905இல், எழுபத்தைந்து வயதில், கடல் வழியாகவே ரயில் பாதை போடுவேன் என்று அறிவித்தார் ஃபிளாக்லர்.

ஏழு வருட வேலை. ஒரு சமயத்தில் 4,000 பேர் வரை வேலை பார்த்தார்கள். நியூயார்க்கிலிருந்து ஆள் பிடித்து அனுப்பப்பட்டவர்கள், பஹாமாக்காரர்கள், கேமன் தீவுக்காரர்கள், ஸ்பானியர்கள். தீவுகளில் குடிதண்ணீர் இல்லை. எல்லாம் வெளியிலிருந்து தொட்டியில் வர வேண்டும். கொசு. தண்ணீருக்கு அடியில் இறக்கும் தூண்களுக்கு ஜெர்மனியிலிருந்து சிமெண்ட். 1906 அக்டோபர் புயலில் தொழிலாளர்கள் தங்கியிருந்த மிதவை வீடு அறுத்துக்கொண்டு போய் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 1909இல் ஒரு புயல், 1910இல் இன்னொன்று. கடனைக் காட்டித் தொழிலாளர்களைக் கட்டிப்போட்டார்கள் என்று மத்திய அரசு 1907இல் வழக்குப் போட்டது, வழக்கு நிற்கவில்லை. 1912 ஜனவரி 22 அன்று, 82 வயதில், தன் தனி ரயில் பெட்டியில் கீ வெஸ்ட் போய் இறங்கினார் ஃபிளாக்லர். கண் பார்வை மங்கிவிட்டிருந்தது. வரவேற்ற பள்ளிப் பிள்ளைகளின் பாட்டைக் காதால் கேட்டார். அடுத்த ஆண்டு ஒயிட்ஹாலில் படியிலிருந்து விழுந்து, அந்தக் காயத்தோடே மே மாதம் இறந்துபோனார்.

1912 என்றதும் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மணி அடிக்க வேண்டும். அதற்கு இரண்டே ஆண்டு கழித்து, 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது நம் பாம்பன் பாலம். அங்கே நியூயார்க்கில் ரயிலேறி, கீ வெஸ்ட்டில் கப்பலுக்கு மாறி ஹவானா. இங்கே எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறித் தலைமன்னார், மறுபடி ரயிலேறிக் கொழும்பு. ஒரே யோசனை, ஒரே காலம், உலகத்தின் இரண்டு கோடி. இன்னொரு ஒட்டும் உண்டு. பாம்பன் பாலத்தின் நடுவில் கப்பலுக்கு வழிவிட்டு இரண்டு கைகளாக மேலே எழும்புமே, அந்த ஷெர்சர் தூக்கு அமைப்பு சிகாகோக் கம்பெனி ஒன்றின் வடிவமைப்பு. மகள் வீட்டிலிருந்து நகரத்துக்குள் போனால் சிகாகோ ஆற்றின் மேல் அதன் சொந்தக்காரப் பாலங்கள் நிற்கின்றன. பேரனுக்குக் காட்டினேன். அவனுக்கு அது பாலம், எனக்கு அது ஊர். ஃபிளாக்லரின் ஏழு மைல் பாலத்தில் கப்பலுக்கு வழிவிட்ட பகுதி மேலே எழும்பவில்லை, பக்கவாட்டில் சுழன்றது.

இப்போது அந்தத் தீவுகளுக்குச் சாலை வழியாகத்தான் போகிறோம். சாலைக்குப் பக்கத்தில் பழைய ரயில் பாலம் துண்டு துண்டாகக் கூடவே வருகிறது. ரயில் என்ன ஆயிற்று?

1929 வீழ்ச்சிக்குப் பிறகு வேலையில்லாத் திண்டாட்டம். முதல் உலகப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள், 1945இல் தருவதாகச் சொன்ன தொகையை இப்போதே கொடுங்கள் என்று 1932இல் வாஷிங்டனில் கூடாரம் போட்டுக் கேட்டார்கள். ராணுவத்தை விட்டே விரட்டினார்கள். அதன் பின் வந்த ரூஸ்வெல்ட் அரசு அவர்களில் பலரை நிவாரண வேலைக்கு அனுப்பியது. அப்படி நூற்றுக்கணக்கானவர்கள் ஃபுளோரிடாத் தீவுகளுக்கு வந்து, சாலைப் பாலம் கட்டும் வேலையில், கடலோரத்தில் கூடாரங்களிலும் பலகைக் கொட்டகைகளிலும் இருந்தார்கள். 1935 செப்டம்பர் 2. அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. காற்றழுத்தம் 892 மில்லிபார் வரை இறங்கிய புயல் அன்று இரவு கரையேறியது. அந்த நாட்டுக் கரையைத் தொட்ட புயல்களில் இன்று வரை அதுதான் மிகக் கடுமையானது.

சிப்பாய்களை வெளியேற்ற ரயில் வரும் என்று ஏற்பாடு. ரயில் கேட்டதே பிற்பகலில்தான். விடுமுறையில் வேலையாட்களைத் தேடிப் பிடித்து, மயாமியிலிருந்து மாலை நாலரை மணி வாக்கில் புறப்பட்டது. மயாமி ஆற்றுப் பாலம் படகுகளுக்காகத் திறந்திருந்தது, அங்கே கொஞ்ச நேரம். திரும்பி வரும்போது விளக்கு முன்னால் இருக்க வேண்டும் என்று ஹோம்ஸ்டெட்டில் எஞ்சினைப் பின்பக்கம் மாற்றினார்கள், அங்கே கொஞ்ச நேரம். வழியில் அறுந்து தொங்கிய ஒரு கம்பிவடம் எஞ்சினில் மாட்டிக்கொண்டது, அதை எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். ஐலமொராடா நிலையத்துக்கு வந்து நின்றபோது இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. சற்று நேரத்தில் கடல் வந்தது. எஞ்சின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. பெட்டிகள் எல்லாவற்றையும் அலை புரட்டித் தள்ளியது. அன்றிரவு அந்தத் தீவுகளில் இறந்தவர்கள் நானூறுக்கும் மேல். அதில் பாதிக்கு மேல் அந்தப் பழைய சிப்பாய்கள்.

சில நாட்களில் ஓர் அரசு அறிக்கை வந்தது: தெய்வச் செயல், யார் மேலும் குற்றமில்லை. கீ வெஸ்ட்டில் வசித்த எழுத்தாளர் ஹெமிங்வே படகில் போய்ப் பிணங்களைப் பார்த்துவிட்டு வந்து, சிப்பாய்களைக் கொன்றது யார் என்று தலைப்பிலேயே கேட்டு அந்த மாதமே ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேட்டதில் ஒரு விஷயம் என்னை விடவில்லை. பணக்காரர்கள் யாரும் புயல் மாதத்தில் அந்தத் தீவுகளுக்கு வருவதில்லை என்பது அவர் வாதம். உண்மைதான். அங்கே புயல் காலம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஃபிளாக்லரின் விருந்தினர்கள் ஜனவரியில் வந்து பிப்ரவரியில் போனவர்கள். அவர்கள் பார்த்தது தூங்குகிற கடல். இந்த முறை நாங்கள் பார்த்ததும் அதே கடல்தான். கண்ணாடி மாதிரி, பச்சையும் நீலமுமாக. அது செப்டம்பரில் எப்படி இருக்கும் என்பது அங்கேயே இருப்பவர்களுக்கும், கூலிக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும்தான் தெரியும்.

ஐலமொராடாவில் சாலையோரம் நினைவுச் சின்னம் இருக்கிறது. பவளச் சுண்ணக்கல்லில், காற்றில் வளைந்த தென்னைகளும் கீழே அலைகளும் செதுக்கியிருக்கிறார்கள். 1937இல் எழுப்பியது. எரியூட்டப்பட்டவர்களின் சாம்பலும் எலும்பும் அதற்குள்தான். காரை நிறுத்திப் பத்து நிமிடம் நின்றோம். நாங்கள் நின்ற நேரத்தில் வேறு யாரும் நிற்கவில்லை, எல்லோருக்கும் கீ வெஸ்ட்டில் சூரிய அஸ்தமனத்தைப் பிடிக்கிற அவசரம்.

ரயில் கம்பெனி ஏற்கெனவே கடனில் இருந்தது. பாதையைப் பழுது பார்க்காமல், பாலங்களை 6,40,000 டாலருக்கு மாநில அரசுக்கு விற்றுவிட்டது. அந்த ரயில் பாலங்களின் மேலேயே சாலை போட்டு 1938இல் திறந்தார்கள். பஹியா ஹோண்டா என்ற இடத்தில் இரும்புக் கூட்டுக்குள் சாலை போட அகலம் போதாமல், கூட்டின் தலைமேல் சாலை போட்டிருக்கிறார்கள். இப்போது அதுவும் கைவிடப்பட்டு நடுவில் வெட்டி விட்டிருக்கிறார்கள், ஏணியில் பாதியை எடுத்த மாதிரி. ஏழு மைல் பாலத்துக்கு 1982இல் புதுப் பாலம் வந்தது. பழைய பாலத்தில் முதல் இரண்டு மைல் சொச்சத்தைச் சீரமைத்து, பிஜன் கீ என்ற குட்டித் தீவு வரை நடப்பதற்கு 2022இல் திறந்துவிட்டார்கள். நானும் பேரனும் கொஞ்ச தூரம் நடந்தோம். கீழே ஆமை தெரிந்தது.

அந்த நடையில்தான் பேரனுக்கு 1964 டிசம்பர் 22ஐச் சொன்னேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பா பாம்பன் பகுதியில் கேங்மேன். அன்று இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பாசஞ்சர், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு, தனுஷ்கோடிக்குச் சற்று முன்னால் கடலுக்குள் போனது. சிக்னல் விழவில்லை, நெடுநேரம் காத்திருந்த டிரைவர் நீளமாக விசிலடித்துவிட்டு வண்டியை எடுத்தார் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள். ஃபுளோரிடாவில் ஆட்களை மீட்கப் போன வண்டி, இங்கே ஆட்களை ஏற்றிக்கொண்டு போன வண்டி. அங்கே புயல் மாதம் செப்டம்பர், நமக்கு மார்கழியும் புயல் மாதம். பாம்பன் பாலத்தின் தூக்கு நின்றது, சட்டங்கள் பல போய்விட்டன. இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள். ராமேஸ்வரத்துக்கு ரயில் திரும்ப வந்தது. தனுஷ்கோடிக்கு வரவில்லை. பெரியப்பா சாகிற வரை அந்த இரவைப் பற்றிப் பேசியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் காற்று கொஞ்சம் பலமாக வீசினால் எழுந்து போய் வாசலில் நிற்பார். பெரியம்மா தட்டை மூடி வைப்பார்.

பேரன் கேட்டான்: "தாத்தா, அந்த ட்ரெயின்ல இருந்தவங்க பேர் எல்லாம் எழுதி வச்சிருக்காங்களா?"

தனுஷ்கோடிக்கு இப்போது தார்ச்சாலை இருக்கிறது. வேனில் போய்ப் படம் எடுத்துவிட்டு வருகிறோம். பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. மாணவர்களே, உங்களில் பலர் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகள். உங்கள் தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி காலத்து ஆட்கள் யாராவது அந்த வண்டியில் போயிருந்தால், அல்லது அன்று தனுஷ்கோடியில் இருந்திருந்தால், பெயர், ஊர், ஏறக்குறைய வயது, இவ்வளவு மட்டும் எனக்கு அனுப்புங்கள். டிக்கெட் வாங்கினாரா இல்லையா என்பது எனக்குத் தேவையில்லை. மார்ச் மாதம் ஊருக்கு வருகிறேன். நோட்டு ஒன்று போட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் சொல்லக் கேட்ட இரண்டு பேரை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.